இன்னொரு ஜிப்சி வாங்கலாமா? பழைய ஆயில் அடித்தால் துரு வராது என்பவர்கள் பதில் சொல்லுங்கள்

கெங்கரை ஜிப்சி:
போன வாரம் இங்கே ஒருவர் எழுதியதைப் படித்ததில் இருந்து மனசு ஆறவில்லை. "மலை வண்டிக்கு உப்புக்காற்று கிடையாது. வருஷம் ஒரு தடவை அடியில் பழைய இன்ஜின் ஆயில் அடித்தால் துருவே வராது. ஜிப்சி துருப்பிடித்துப் போச்சு என்பவன் வண்டியைக் கவனிக்காதவன்." இதுதான் அவர் எழுதியது.

என் முதல் ஜிப்சி 1998 மாடல் மாருதி ஜிப்சி கிங், கார்புரேட்டர் வண்டி. 9 வருஷம் வைத்திருந்தேன். ஒவ்வொரு வருஷமும் ஐப்பசி மழைக்கு முன்னால் ஆயில் அடித்தேன், ஒரு வருஷம்கூட விடவில்லை. கடைசியில் பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் மாட்டுகிற இடத்தில் சேஸ் (வண்டியின் அடிச்சட்டம்) விட்டுப்போய், அரவேணு இறக்கத்தில் வண்டி ஒரு பக்கமாக உட்கார்ந்துவிட்டது. பக்கத்தில் மகள் இருந்தாள். காயலான் கடைக்கு அனுப்பும்போது டிரைவர் சீட்டுக்கு முன்னால் கிடந்த ரப்பர் மேட்டைத் தூக்கினேன். கீழே மண் தெரிந்தது. நான் வண்டியைக் கவனிக்காதவனா?

இப்போது ஊட்டியில் 2004 மாடல் எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டருக்குப் பதிலாகப் பெட்ரோலைப் பீய்ச்சுகிற இன்ஜின்) ஒன்று வந்திருக்கிறது. டி.என். 43, ஊட்டி நம்பர், 2.75 லட்சம் கேட்கிறார். இன்ஜினும் கியரும் நன்றாக இருக்கின்றன. வீட்டில் வேண்டவே வேண்டாம் என்கிறார்கள். எனக்கு ஆசை விடவில்லை. ஏறக்குறைய 1,000 கிலோ எடை, 80 குதிரைத்திறன். எங்கள் தேயிலைக் காட்டுப் பாதையில் அவ்வளவு லேசாக ஏறுகிற வண்டி வேறு இல்லை. புதிதாக விற்பதையும் நிறுத்திவிட்டார்கள், மாருதியின் புது ஜிம்னி வாங்க 12 லட்சத்துக்கு மேல் வேண்டும்.

வாங்கும்முன் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். பழைய ஆயில் என்று மட்டும் யாரும் ஆரம்பிக்காதீர்கள்.

கட்டபெட்டு 540:
எழுதியது நான்தான். பெயரைச் சொல்லியே கேட்டிருக்கலாம் தம்பி.

என் மஹிந்திரா எம்.எம். 540 ஜீப், 1991 மாடல். இன்றைக்கும் காரட்டும் உருளையும் ஏற்றிக்கொண்டு ஓடுகிறது. அடியில் ஒரு இடத்தில் வெல்டிங் வைத்தது கிடையாது, பட்டி பூசியது கிடையாது. வருஷத்துக்கு 5 லிட்டர் பழைய ஆயில், கொஞ்சம் டீசல் கலந்து, கம்ப்ரஸர் கன்னில் அடிப்பேன். அவ்வளவுதான் ரகசியம். நீங்கள் பிரஷ்ஷால் வெளியே தடவியிருப்பீர்கள்.

கெங்கரை ஜிப்சி:
கன்னில்தான் அண்ணே. சேஸ் ஓட்டை வழியாக உள்ளேயும் அடித்தேன். நான் எழுதியதை முழுசாகப் படியுங்கள்.

மேட்டுப்பாளையம் டிங்கர்:
22 வருஷமாக மலையில் இருந்து இறங்கி வருகிற வண்டிகளுக்கு வெல்டிங் அடிக்கிறேன், அதனால் சொல்கிறேன். ஆயில் அடித்த வண்டி வந்தாலே பையன்கள் பயப்படுகிறார்கள். நெருப்பு வைத்ததும் புகை கிளம்பும், சில நேரம் தீயே பிடிக்கும். ஆயில் காயாது. காயாத ஆயிலில் மண் ஒட்டும், அந்த மண் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு தகட்டோடு கிடக்கும். ஓடிக் கறுத்த ஆயிலில் அமிலமும் இரும்புப் பொடியும் இருக்கின்றன. ஸ்பிரிங் மூட்டில் இருக்கிற ரப்பர் புஷ்ஷில் பட்டால் ஊதிப்போகும்.

ஜிப்சி சேஸ் பெட்டி போல மூடியது. தண்ணீர் வடிகிற ஓட்டையை மண் அடைத்துவிட்டால் உள்ளே தேங்கும். தகடு உள்ளிருந்து வெளியே தின்னப்படும். வெளியே பார்த்தால் ஆயில் பளபளப்பு, உள்ளே அப்பளம். 540 தகடு தடிமன், ஜிப்சி தகடு மெலிசு. இரண்டையும் ஒன்றாகப் பேசக் கூடாது.

கட்டபெட்டு 540:
தகடு தடிமனை ஏன் இழுக்கிறீர்கள்? பேச்சு ஆயிலைப் பற்றி. வெல்டிங் அடித்துச் சம்பாதிக்கிறவர் ஆயில் வேண்டாம் என்றுதான் சொல்வார். எல்லா வண்டியும் என் 540 மாதிரி இருந்தால் உங்கள் பட்டறைக்கு யார் வருவார்கள்?

குன்னூர் டீச்சர்:
ஒரு சந்தேகம். துரு என்று எதைச் சொல்கிறீர்கள்? மேலே பழுப்பாகப் படிகிறதே, அதையா? தகட்டைத் தின்று ஓட்டை போடுவதையா? முதல் வகையைத் தேய்த்து பிரைமர் அடிக்கலாம். இரண்டாவது வந்துவிட்டால் அந்தத் துண்டையே வெட்டி எடுக்க வேண்டும். இதைப் பிரித்துக்கொள்ளாமல் ஆயில் காக்கும், காக்காது என்று பேசினால் எப்படி?

கட்டபெட்டு 540:
துரு என்றால் துருதான் டீச்சர். அடித்தவனுக்கு வராது.

கூடலூர் சாரல்:
கோத்தகிரியில் பெய்வதை மழை என்று சொல்லி ஆயில் கணக்குப் போடுகிறீர்கள். தேவாலா, சேரம்பாடி பக்கம் ஜூனில் பிடித்தால் செப்டம்பர் வரை வண்டி காயாது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது, ஞாபகம் இருக்கிறதா? அந்த மாதிரித் தண்ணீரில் நாலு தடவை ஓடையைக் கடந்தால் உங்கள் 5 லிட்டர் ஆயிலும் பவானியில் போய்ச் சேர்ந்துவிடும். எங்கள் பக்கம் வந்து 540-ஐ ஒரு பருவம் ஓட்டிவிட்டு அப்புறம் பேசுங்கள்.

கட்டபெட்டு 540:
1990-களில் பந்தலூருக்கு வாரம் இரண்டு நடை காய்கறி ஏற்றி வந்தவன் நான். ஓடை எங்களுக்கும் தெரியும். கழுவிப் போனால் மறுபடி அடிக்க வேண்டும். மனுஷன் ஒரு நாள் குளித்துவிட்டு வருஷம் முழுக்கச் சும்மா இருக்கிறானா?

தாண்டிக்குடி காபி:
நீலகிரிக்காரர்கள் உங்களுக்குள் மட்டும் பேசிக்கொள்கிறீர்கள். பழனி மலையிலும் ஜீப் ஓடுகிறது. எங்கள் ஊரில் காபியும் மலை வாழையும் இறங்குவது ஜீப்பில்தான்.

கெங்கரை தம்பி, ஒன்று கேட்கிறேன். உங்கள் முதல் வண்டியை உங்களுக்கு முன்னால் வைத்திருந்தவர் என்ன ஏற்றினார்? மலையில் உப்புக்காற்று இல்லை என்பது சரி. ஆனால் உர மூட்டை உண்டு. பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைடு, அதுவும் ஓர் உப்பு. கிழிந்த மூட்டையில் இருந்து சிந்தியது மேட்டுக்கு அடியில் போய், ஈரம் பட்டுக் கரைந்து தகட்டின் மடிப்பில் இறங்கும். கடற்கரையில் நிறுத்திய வண்டிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? என் முதல் ஜீப்பின் பின்தரை அப்படித்தான் போனது. மேலே இருந்து தின்றதற்கு அடியில் ஆயில் அடித்து என்ன பயன்?

கெங்கரை ஜிப்சி:
அண்ணே, இது எனக்குத் தோன்றவே இல்லை. முன்னால் வைத்திருந்தவர் தோட்டத்துக்கு உரம் ஏற்றியவர்தான். பின் சீட்டைக் கழற்றியபோது சிவப்புப் பொடி கிடந்தது. துருப்பொடி என்றே நினைத்தேன், பொட்டாஷும் அதில் இருந்திருக்கும். ஊட்டி வண்டியிலும் பின் சீட்டுகள் இல்லை. "இடம் அடைக்கிறது என்று எடுத்துவிட்டேன்" என்றார்.

கட்டபெட்டு 540:
என் 540-உம் பொட்டாஷ் ஏற்றியிருக்கிறது, யூரியா ஏற்றியிருக்கிறது. எங்கே துரு? ஆயில் காப்பாற்றியது. தாண்டிக்குடிக்காரர் வண்டியைக் கழுவாமல் விட்டுவிட்டு உரத்தைக் குறை சொல்கிறார்.

தாண்டிக்குடி காபி:
கழுவவில்லை என்று உங்களிடம் வந்து சொன்னேனா? போன வருஷம் பட்டை ஸ்பிரிங் விஷயத்திலும் இப்படித்தான். நான் எழுதியதைப் பாதி படித்துவிட்டு, "கொடைக்கானல்காரனுக்கு ஜீப் என்றால் டூரிஸ்ட்டை வட்டக்கானல் கொண்டுபோய் விடுவது" என்று எழுதினீர்கள். நான் மறக்கவில்லை. என் வண்டியில் ஒரு டூரிஸ்ட் ஏறியது கிடையாது.

கட்டபெட்டு 540:
உங்களைச் சொல்லவில்லை, பொதுவாகச் சொன்னேன்.

குன்னூர் டீச்சர்:
துருவை விடுங்கள். பழைய ஆயிலைத் தரையில் சொட்டவிடுவதே தப்பு. 2016 விதிகளின்படி அது அபாயகரமான கழிவு, பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்களிடம் போக வேண்டியது. நீங்கள் வீட்டு முற்றத்தில் கன்னில் அடிக்கிறீர்கள். சரிவில் இருக்கிற வீடு. கீழே ஊற்று இருக்கும், அதைக் குடிக்கிற வீடுகள் இருக்கும். மழை வந்தால் அந்த 5 லிட்டர் எங்கே போகும்?

கட்டபெட்டு 540:
டீச்சர், எங்கள் ஊர் ஊற்றை என் பாட்டன் காலத்தில் இருந்து சுத்தம் செய்கிறவர்கள் நாங்கள். சனி ஞாயிறு ஆயிரக்கணக்கில் கார் ஏறி வருகிறதே, அது சொட்டுகிற ஆயிலை யார் அளந்தார்கள்? 2024 மே மாதத்தில் இருந்து வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வைத்தார்களே, அப்புறமாவது குறைந்ததா? மே மாதம் ஊட்டி சேரிங் கிராஸில் நின்று பாருங்கள். உள்ளூர்க்காரனின் 5 லிட்டர்தான் எல்லோர் கண்ணையும் உறுத்துகிறது.

கூடலூர் சாரல்:
இ-பாஸ் வந்த பிறகு எங்கள் பக்கம் கடைக்காரர்களுக்கு வியாபாரம் படுத்துவிட்டது. ஊட்டிக்கு ஒரு நியாயம், கூடலூருக்கு ஒரு நியாயமா? கேரளா, கர்நாடகா வண்டி எல்லாம் எங்கள் வழியாகத்தான் வருகிறது. செக்போஸ்டில் வரிசை நிற்பது எங்கள் ரோட்டில்.

தாண்டிக்குடி காபி:
கொடைக்கானலிலும் அதே இ-பாஸ்தான். நாங்கள் இங்கே வந்து புலம்பவில்லையே.

கெங்கரை ஜிப்சி:
இ-பாஸுக்கு வேறு திரி ஆரம்பித்துக்கொள்ளுங்கள், தயவுசெய்து. நாளைக்கு வண்டி பார்க்கப் போகிறேன். எங்கே எங்கே பார்க்கணும்?

மேட்டுப்பாளையம் டிங்கர்:
சின்னச் சுத்தியல் ஒன்று, ஸ்குரூடிரைவர் ஒன்று, டார்ச் ஒன்று. பின் பட்டை ஸ்பிரிங் மாட்டுகிற இரண்டு பக்கமும் சேஸைத் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும், செத்த இரும்பு பொத்தென்று சொல்லும். பொத்தென்ற இடத்தில் ஸ்குரூடிரைவரை வைத்து அழுத்துங்கள். அடுத்து பாடியைச் சேஸோடு பிடிக்கிற பாடி மவுண்ட் ரப்பர் உட்காரும் இடங்கள். அதற்கும் அடுத்து முன் கண்ணாடிச் சட்டத்தின் கீழ் விளிம்பு. அங்கே ஒழுகுகிற தண்ணீர்தான் டிரைவர் காலடியில் வந்து தேங்கும். பின் சக்கரத்து வளைவில் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் அது பட்டி.

ஆர்.சி.யைக் கையில் வாங்கிப் பாருங்கள். 15 வருஷம் தாண்டிய வண்டி. புதுப்பித்திருக்கிறாரா, எந்த வருஷம் வரை என்று தேதி இருக்கும். 2022 ஏப்ரலில் அந்தப் புதுப்பிப்புக் கட்டணத்தை 600-இல் இருந்து 5,000 ரூபாய் ஆக்கினார்கள், 2025-இல் 20 வருஷம் தாண்டிய வண்டிக்கு இன்னும் ஏற்றிவிட்டார்கள். அது இல்லாமல் எஃப்.சி. (தகுதிச் சான்று) வேலை, பசுமை வரி.

கட்டபெட்டு 540:
இவ்வளவையும் எழுதினாரே, அந்த வண்டிக்காரரிடம் ஆயில் அடித்தாரா என்று கேட்கச் சொன்னாரா? முதல் கேள்வி அதுதான். அடித்திருந்தால் கை வைத்தாலே தெரியும்.

சுத்தியல் பற்றிப் பேசுகிறவர்களை எனக்குத் தெரியும். மேட்டுப்பாளையத்தில் ஒரு பட்டறையில் என் தம்பி பொலேரோவை விட்டான். தட்டித் தட்டி நல்ல தகட்டையும் நெளித்து, வெட்டி எடுத்துப் பில் போட்டார்கள்.

மேட்டுப்பாளையம் டிங்கர்:
அது என் பட்டறை இல்லை. எந்தப் பட்டறையோ செய்ததற்கு என்னிடம் கணக்குக் கேட்காதீர்கள். நெளிகிற தகடு நல்ல தகடு இல்லை.

கெங்கரை ஜிப்சி:
பார்த்துவிட்டு வந்தேன். அடி முழுக்கக் கறுப்பு அண்டர்கோட்டிங், தார்ப் பூச்சு, புதுசு, வாசனைகூடப் போகவில்லை. கணீர், பொத் எதுவும் தெளிவாகக் கேட்கவில்லை, எல்லாம் ஒரே மாதிரி மந்தமாக இருந்தது. ஒரு இடத்தில் சுரண்டலாமா என்று கேட்டேன். "வாங்கிவிட்டுச் சுரண்டுங்கள்" என்றார். ஆனால் ஓட்டிப் பார்த்தேன். ஏற்றத்தில் 4 வீல் போட்டதும் பழைய வண்டி ஞாபகம் வந்துவிட்டது. அந்த இன்ஜின் சத்தத்தைக் கேட்டுவிட்டு எப்படி வேண்டாம் என்பது?

மேட்டுப்பாளையம் டிங்கர்:
விற்கிற வாரத்தில் கோட்டிங் எதற்கு அடிப்பார்கள்? துருவின் மேலே தார் அடித்தால் ஈரம் உள்ளே மாட்டிக்கொள்ளும், இன்னும் வேகமாகத் தின்னும். சுரண்டவிடாத வண்டியை நான் தொடமாட்டேன். மகளை ஏற்றிக்கொண்டு போகிற வண்டி தம்பி.

தாண்டிக்குடி காபி:
பின் சீட் இல்லை என்றாரே, அதை விசாரித்தீர்களா? உரம் ஏற்றினாரா?

கெங்கரை ஜிப்சி:
கேட்டேன். "காரட் மட்டும்தான்" என்றார்.

கட்டபெட்டு 540:
கோட்டிங் அடித்திருக்கிறார் என்றால் ஆயில் அடிக்காத ஆள். அவ்வளவுதான், தெரிந்துபோச்சு. வாங்குவதாக இருந்தால் வாங்குங்கள், 2.20-க்கு மேல் கொடுக்காதீர்கள். அந்தத் தாரை மண்ணெண்ணெய் போட்டுச் சுரண்டிவிட்டு கட்டபெட்டுக்குக் கொண்டு வாருங்கள். கன் என்னிடம் இருக்கிறது, ஆயில் நான் தருகிறேன்.

கெங்கரை ஜிப்சி:
அண்ணே, 9 வருஷம் அடித்தேன்.

கட்டபெட்டு 540:
நான் 30 வருஷத்துக்கு மேல் அடிக்கிறேன்.