‘கொலை செய்யாதிருப்பாயாக’ – இந்தக் கட்டளை மரண தண்டனையையும் தடுக்கிறதா?

எஸ்றா

இந்த ஒரு கட்டளையைக் காட்டியே ‘கிறிஸ்தவன் தூக்குத் தண்டனையை ஆதரிக்கவே கூடாது’ என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள். அந்த வாதம் நிற்காது. கட்டளை இருப்பது யாத்திராகமம் 20:13ல். அடுத்த அதிகாரத்திலேயே, 21:12ல், ஒருவனைச் சாகும்படி அடித்தவனுக்கு மரணம் என்று அதே தேவன் சொல்கிறார். 21:14 இன்னும் கடுமை: திட்டமிட்டுக் கொன்றவன் பலிபீடத்தண்டை போய் நின்றாலும் அங்கிருந்தே பிடித்துக்கொண்டு போக வேண்டும்.

‘அது மோசேயின் சட்டம், நமக்கில்லை’ என்பீர்கள். ஆதியாகமம் 9:6 நோவாவுக்குக் கொடுக்கப்பட்டது, மோசே பிறப்பதற்கு எவ்வளவோ முன்பு. மனுஷன் தேவசாயலில் உண்டாக்கப்பட்டவன் என்ற காரணத்தையும் அந்த வசனமே சொல்கிறது. புதிய ஏற்பாட்டில் ரோமர் 13:4, அதிகாரி ‘பட்டயத்தை விருதாவாய்ப் பிடித்திருக்கவில்லை’, அதாவது வாளை வீணாக ஏந்தவில்லை என்கிறது. 1563ல் வந்த ஹைடல்பர்க் வினாவிடை (சீர்திருத்தச் சபைகளின் போதனை நூல்) 105ஆம் கேள்வியில் இந்தக் கட்டளையை விளக்கும்போதே, கொலையைத் தடுக்கத்தான் அதிகாரியின் கையில் பட்டயம் இருக்கிறது என்று சேர்த்துச் சொல்கிறது.

மரியசூசை

பிரதர் எஸ்றா, கட்டளை மட்டும் தனியாக நின்று இந்தக் கேள்வியைத் தீர்க்காது என்பது சரிதான். ஆனால் தொடக்கநூல் (நீங்கள் சொல்லும் ஆதியாகமம்) 9:6ஐப் படிக்கிறவர் 4:15ஐயும் படிக்க வேண்டும். உலகின் முதல் கொலைகாரன் காயின். அவனைக் கடவுள் கொல்லவில்லை. வேறு யாரும் கொன்றுவிடாதபடி அவன்மேல் அடையாளம் இட்டார். கடவுளின் சாயல் கொல்லப்பட்டவனிடம் இருந்ததுபோலக் கொன்றவனிடமும் இருக்கிறது.

மரண தண்டனை கூடாது என்ற இடத்துக்குக் கத்தோலிக்கத் திருச்சபை படிப்படியாகத்தான் வந்து சேர்ந்தது. 1992ஆம் ஆண்டு மறைக்கல்வி நூல், மிகக் கடுமையான குற்றங்களுக்கு அரசு மரண தண்டனை தரலாம் என்றது. 1995ல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் தம் சுற்றுமடலில், சமூகத்தைக் காக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், அப்படிப்பட்ட நிலையும் இன்று மிக அரிது, ஏறக்குறைய இல்லை என்றார். 1997 பதிப்பில் அது 2267ஆம் எண்ணில் சேர்ந்தது. 2018 ஆகஸ்டில் திருத்தந்தை பிரான்சிஸ் அந்தப் பத்தியையே மாற்றி, மரண தண்டனை ஏற்கத்தக்கதல்ல என்று எழுதச் செய்தார். மிகக் கொடிய குற்றம் செய்தவனும் மனித மாண்பை இழப்பதில்லை; தண்டனையின் நோக்கம் பற்றிய புரிதல் வளர்ந்திருக்கிறது; மக்களைக் காக்கப் போதுமான சிறை முறைகள் வந்துவிட்டன, அவை குற்றவாளி மனம் திரும்பும் வாய்ப்பைப் பறிப்பதில்லை. இவைதான் அங்கே தரப்பட்ட காரணங்கள்.

எஸ்றா

‘வளர்ச்சி’ என்ற பேரில் தலைகீழாகத் திருப்பியிருக்கிறார்கள் என்றுதான் நான் சொல்வேன். சபையைவிட்டுப் பிரிந்துபோன வால்தேன்சியர் என்ற குழுவினரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள போப் மூன்றாம் இன்னொசென்ட் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விதித்த விசுவாச அறிக்கை, அரசு சாவான பாவம் இல்லாமல் மரண தண்டனை தரலாம் என்றது. போப்பின் ஆட்சிப் பகுதிகளில் ஜொவான்னி பத்திஸ்தா புகாத்தி என்ற ஒரே தண்டனையாளர் 1796 முதல் 1860கள் வரை நிறைவேற்றியவை 516. வத்திக்கானின் சட்டத்தில் 1929 முதல் 1969 வரை மரண தண்டனை இருந்தது.

இன்னொன்று. ‘இப்போது சிறைகள் பலமாக இருக்கின்றன’ என்பது வசதி பற்றிய காரணம். நாளைக்கு ஒரு நாட்டில் சிறை உடைந்தால் அங்கே தண்டனை மறுபடி நியாயமாகிவிடுமா? மாண்புதான் காரணம் என்றால், நோவா காலத்திலும் அந்த மாண்பு இருந்ததே!

மரியசூசை

இன்னொசென்ட்டின் வாசகத்தை முழுசாகப் பாருங்கள். வெறுப்பினால் அல்ல, தீர்ப்பினால். அவசரத்தில் அல்ல, ஆலோசித்து. இவை அதில் உள்ள நிபந்தனைகள். ‘செய்தால் பாவமில்லை’ என்பதும் ‘செய்தே ஆக வேண்டும்’ என்பதும் வேறு வேறு. புகாத்தியின் கணக்கு அரசர்களாக இருந்த திருத்தந்தையரின் நடைமுறை. அது வெட்கப்பட வேண்டிய வரலாறு, போதனை அல்ல.

பழைய மரபிலும் இந்தத் தயக்கம் உண்டு. தொனாத்துக் கட்சியினர் (வட ஆப்பிரிக்காவில் திருச்சபையிலிருந்து பிரிந்தவர்கள்) ஒரு குருவைக் கொன்று, இன்னொரு குருவின் கண்ணைத் தோண்டி விரலையும் துண்டித்தார்கள். அவர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகும், பழிக்குப் பழியாக உயிரையோ உறுப்பையோ எடுக்க வேண்டாம் என்று புனித அகுஸ்தினார் அதிகாரி மார்செல்லீனுக்குக் கடிதம் எழுதினார். அரசுக்கு அந்த அதிகாரம் உண்டென்று ஒப்புக்கொண்டவரே அவர்.

சமாதானபுரம்

இருவரும் அரசைச் சுற்றியே நிற்கிறீர்கள். 1527ல் சுவிட்சர்லாந்தின் ஸ்லைத்தைமில், வாளெடுக்க மறுத்த அனபாப்திஸ்துகள் என்ற சபையார் எழுதிய ஆறாம் விதி, பட்டயம் தேவன் ஏற்படுத்தியதுதான், ஆனால் ‘கிறிஸ்துவின் பூரணத்துக்கு வெளியே’, அதாவது கிறிஸ்துவின் சீடர்களுக்கு உரியதல்ல என்றது. அதை எழுதிய மிகாயேல் சாட்லரை அதே ஆண்டு மே மாதம் நாக்கை அறுத்து எரித்துக் கொன்றது கிறிஸ்தவ அரசுதான். நான்காம் நூற்றாண்டில் சபைத் தலைவர் பசிலியுவும், போரில் கொல்வதைக் கொலையாக எண்ணவில்லை என்று சொல்லிவிட்டு, கை சுத்தமில்லாததால் மூன்று வருஷம் நற்கருணையிலிருந்து விலகியிருப்பது நல்லது என்று ஆலோசனை சொன்னார். சட்டப்படி கொன்றவன் கையிலும் கறை இருக்கிறது என்று ஆதிசபை உணர்ந்தது. அந்த உணர்வு நம்மிடம் எங்கே?

அடைக்கலப்பட்டணம்

எஸ்றா அண்ணே, பட்டயம் வேண்டும் என்கிற நீங்கள் அதைச் சுற்றி வேதம் போட்ட வேலியைச் சொல்லவே இல்லை. எண்ணாகமம் 35ஐ விசாரணை முறையாகவே படியுங்கள்.

முதலில் ஆயுதம்: இரும்பு, சாகடிக்கக்கூடிய கல், மர ஆயுதம் (16–18). அடுத்தது மனநிலை: முன்பகை இருந்ததா, பதுங்கியிருந்தானா, அல்லது பகையில்லாமல் திடீரென்று நடந்ததா (20–23). உபாகமம் 19:5 உதாரணமே தருகிறது. மரம் வெட்டும்போது கோடரியின் இரும்பு காம்பைவிட்டுக் கழன்று தோழன்மேல் பட்டுச் செத்தால் அது கைப்பிசகு. தீர்ப்பு சபையார் கையில். பழிவாங்குகிறவன் தானாக முடிவெடுக்கக் கூடாது (24). கைப்பிசகாய்க் கொன்றவன் தஞ்சம் புகுவதற்கென்று ஒதுக்கப்பட்ட ஆறு அடைக்கலப்பட்டணங்களில் ஒன்றில், பிரதான ஆசாரியன் மரிக்கும்வரை இருக்க வேண்டும். எல்லையைத் தாண்டினால் பாதுகாப்பு போச்சு.

கொலைபாதகன் விஷயத்தில் ஒரே சாட்சி போதாது (30). சாட்சி சொன்னவன் கைதான் முதலில் அவன்மேல் இருக்க வேண்டும் (உபாகமம் 17:7). பொய்ச்சாட்சி என்று தெரிந்தால், அடுத்தவனுக்கு அவன் நினைத்த தண்டனை அவனுக்கே (19:19). பணம் வாங்கிக்கொண்டு கொலைபாதகனை விடக் கூடாது (எண்ணாகமம் 35:31).

தற்காப்பிலும் இதே நுணுக்கம்தான். கன்னமிடும் திருடன் இரவில் அடிபட்டுச் செத்தால் பழியில்லை. சூரியன் உதித்த பிறகென்றால் இரத்தப்பழி (யாத்திராகமம் 22:2–3). இருட்டில் அவன் எதற்கு வந்தான் என்று தெரியாது. வெளிச்சத்தில் ஆளை அடையாளம் காணலாம், உதவிக்குக் கூப்பிடலாம். கொல்லாமல் தீர்க்க வழியிருக்கும்போது கொன்றால் குற்றம்.

கட்டளையின் எல்லை இதோடும் முடியவில்லை. மொட்டை மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டாதவன் வீட்டின்மேல் இரத்தப்பழி வரும் என்கிறது உபாகமம் 22:8. பசித்தவனுக்குச் சோறு போட முடிந்தும் போடாதவன் அவனைக் கொன்றவனே என்று லுத்தர் பெரிய ஞானோபதேசத்தில் எழுதினார். மத்தேயு 5:22 சகோதரனைத் திட்டுகிற வாய்வரைக்கும் வருகிறது. பாடம் எடுக்கிறவர்கள் தூக்குமேடைக்கே நேரமெல்லாம் செலவழித்தால், கேட்கிறவர்கள் ‘நம்மைப் பற்றியது இல்லை’ என்று எழுந்து போய்விடுவார்கள்.

எஸ்றா

வேலியை நான் மறுக்கவில்லை. அந்த நிபந்தனைகள் இல்லாத இடத்தில் அதிகாரி பட்டயத்தை எடுத்தால் அவனும் ஆதியாகமம் 9:6க்குக் கீழேதான் வருகிறான். சமாதானபுரத்துக்கு ஒன்று: ரோமர் 12:19 தனிமனுஷன் பழிவாங்குவதைத் தடுக்கிறது. அடுத்த சில வசனங்களிலேயே அதே பவுல் அந்த வேலையை அதிகாரியிடம் விடுகிறார். அப்போஸ்தலர் 25:11ல், மரணத்துக்கு ஏதுவானதைச் செய்திருந்தால் சாகமாட்டேன் என்று சொல்லவில்லை என்கிறார். தண்டனையே அநியாயம் என்றால் தேசாதிபதி பெஸ்துவின் முன் அதைச் சொல்லியிருக்க மாட்டாரா?

மரியசூசை

பவுல் அங்கே உரோமைக் குடிமகனாகத் தன் வழக்கை இராயரிடம் (பேரரசரிடம்) கொண்டுபோகிறார். தண்டனை முறையைப் பற்றிப் போதிக்கவில்லை. கடைசியில் அதே உரோமையின் வாளால்தான் செத்தார் என்பது சபையின் மரபு.

உங்கள் நிபந்தனையையே எடுத்துக்கொள்வோம். இரண்டு சாட்சிகள், பொய் சொன்னால் சாட்சிக்கே அதே தண்டனை, பணக்காரனுக்கும் ஏழைக்கும் ஒரே தீர்ப்பு. இந்த மூன்றையும் கடைப்பிடித்து இன்று தூக்கிலிடுகிற ஒரு நாட்டின் பெயரைச் சொல்லுங்கள், அந்த நாட்டை வைத்துப் பேசுவோம்.