மெசர்ஷ்மிட் 109 பக்கவாட்டுப் பொட்டுகள் அம்மைத் தழும்பு மாதிரி வருகிறது, பெயிண்டும் வெள்ளை பூக்கிறது

கொட்டகலை_பயல்

எல்லாருக்கும் வணக்கம். இரண்டாம் உலகப் போர் ஜெர்மன் போர் விமானம் மெசர்ஷ்மிட் பிஎஃப் 109 ஜி-6, 1:48 (அசலில் 48-இல் ஒரு பங்கு) பிளாஸ்டிக் கிட் ஒன்று மூன்று மாதமாக என் மேசையில் கிடக்கிறது. ஒட்டு வேலை, விமானி அறை எல்லாம் முடிந்துவிட்டது, மாட்டிக்கொண்டது உருமறைப்பில்தான். 1943 கோடைகால விமானம், அதனால் ஆர்எல்எம் (ஜெர்மன் விமான அமைச்சின் நிற எண்கள்) 74, 75, 76. ஏர்பிரஷ்ஷால் (காற்றழுத்தத்தில் பெயிண்ட் தெளிக்கும் பேனா) அடிப்பக்கம் 76 அடித்தேன், இறக்கை மேலே 75, அப்புறம் டேப் ஒட்டி 74. அதுவரைக்கும் பரவாயில்லை. உடம்பின் பக்கவாட்டில் பொட்டுப் பொட்டாக அடிக்கிறார்களே, அங்கேதான் எல்லாம் கெட்டது. ஒவ்வொரு பொட்டும் வட்டமாக, ஒரே அளவில், ஒரே இடைவெளியில் வந்து நிற்கிறது. தங்கச்சி பார்த்துவிட்டு "என்ன அண்ணே, ப்ளேனுக்கு அம்மை போட்டிருக்கா" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

இன்னொன்று, இரண்டு கம்பனிப் போத்தல்களில் 75 என்று ஒரே எண்தான் இருக்கிறது, ஆனால் ஒன்று ஊதா அடிக்கிறது, மற்றது சும்மா சாம்பல். எது சரி? மூன்றாவது, லெக்கர் (சட்டென்று காயும் வகை) பெயிண்ட் அடித்த கொஞ்ச நேரத்தில் பால் ஊற்றினது போல வெள்ளை பூக்கிறது. இப்போது இங்கே விடாத மழை, மூடுபனி ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே வருகிறது. எல்லாவற்றையும் உரித்துப்போட்டுத் திரும்பத் தொடங்குவதா?

பேராதனை_தூரிகை

உரிக்க வேண்டாம் தம்பி. பொட்டு விஷயத்தை அடிக்கத் தெரிந்தவர்கள் சொல்லட்டும், நான் நிறத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

75-க்கு ஜெர்மன் அமைச்சு வைத்த பெயரே சாம்பல்-ஊதா. 74 சாம்பல்-பச்சை, 76 வெளிர் நீலம். ஆகவே ஊதா அடிக்கும் போத்தல் பொய் சொல்லவில்லை, ஆனால் ஊதாப்பூ மாதிரி இருந்தால் அது மிகை. இரண்டு போத்தலையும் கலந்தால்கூடப் போதும். நான் செய்வது என்னவென்றால் 74, 75 இரண்டையும் பழைய பிளாஸ்டிக் கரண்டி ஒன்றில் பக்கத்துப் பக்கத்தில் அடித்துக் காயவைத்து, வாசல் வெளிச்சத்தில் நான்கடி தள்ளி வைத்துப் பார்ப்பேன். இரண்டுக்கும் வித்தியாசம் மெல்லிதாக இருக்க வேண்டும். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் இறக்கையின் இரண்டு நிறத்தையும் பிரித்துப் பார்க்கவே பல நேரம் கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கும். மொடலில் பளிச்சென்று கோடு தெரிந்தால் அதுதான் முதல் பிழை.

கறுப்பு வெள்ளைப் படத்தை வைத்து நிறம் முடிவு பண்ணாதீங்க. அந்தக் காலத்தில் சிவப்பு மஞ்சளைச் சரியாக உணராத பிலிமும் புழக்கத்தில் இருந்தது, அதில் மஞ்சள் கறுத்துத் தெரியும், நீலம் வெளுத்துப் போகும். எஞ்சினுக்குக் கீழே மூடியில் அடிக்கிற மஞ்சள், அதாவது 04, சில படங்களில் கடும் சாம்பலாகத் தெரிவது அதனால்தான். படத்தை நிறத்துக்கு நம்பாதீங்க, பொட்டு எங்கே அடர்த்தி, எங்கே ஐது என்று பார்ப்பதற்கு நம்புங்க.

ஆண்டையும் கவனியுங்க. 1940-ல் 109 இ (முந்தைய வகை) என்றால் 71-உம் 02-உம் மேலே, 65 கீழே. 1944 நடுப்பகுதிக்கு அப்புறம் 81, 82 போன்ற புது நிறங்கள் வந்து கலக்கின்றன. 1943 ஜி-6-க்கு நீங்கள் எடுத்தது சரி.

பழைய_டீமேக்கர்

மகன், வெள்ளை பூக்கிறதற்குப் பெயிண்ட் காரணம் இல்லை. லெக்கரில் இருக்கும் தின்னர் சட்டென்று ஆவியாகும்போது அந்த இடம் குளிர்ந்து போகும், காற்றில் உள்ள ஈரம் அதன் மேலேயே படியும். கொட்டகலையில் தென்மேல் பருவ மழைக்கு நடுவில் லெக்கர் அடித்தால் வேறு என்ன வரும்?

நான் முப்பது வருசம் பெக்டரியில் கொழுந்து வாட்டினவன். வாட்டுத் தொட்டிக்கு மேலே ஈரக்குமிழ், உலர்குமிழ் என்று இரண்டு வெப்பமானி தொங்கும், இரண்டுக்கும் வித்தியாசம் குறைந்தால் காற்றில் ஈரம் நிறைந்திருக்கிறது, கொழுந்து வாடாது, சூடு காற்று விட வேண்டும். ஓய்வு பெற்ற பிறகு அதே மாதிரி ஒன்றை மொடல் அறையில் மாட்டி வைத்திருக்கிறேன். வித்தியாசம் 2 பாகைக்குக் கீழே என்றால் லெக்கர் போத்தலைத் தொட மாட்டேன், அன்றைக்கு உப்புத்தாள் தேய்க்கிற வேலை. நம்ம பக்கம் தை முதல் பங்குனி வரை, ஊவா பக்கம் ஆடி ஆவணியில், நல்ல தேயிலை வரும் காய்ந்த காற்றுக் காலம் இருக்கிறதே, நல்ல பெயிண்டும் அப்போதுதான் வரும்.

அதுவரைக்கும் காத்திருக்க முடியாதென்றால் மெதுவாகக் காயும் தின்னர் வாங்கிக் கலவுங்க. பூத்த இடத்தில் அந்தத் தின்னரை மட்டும் மெல்லிய புகையாக ஒரு தரம் விட்டால் பெரும்பாலும் வெள்ளை மறையும். பெயிண்ட் போத்தலை இளஞ்சூட்டுத் தண்ணீர்க் கோப்பையில் வையுங்க, அடுப்புக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம், ஆவி தீப்பிடிக்கும். கொம்பிரசர் தொட்டியின் அடி வால்வைத் திறந்து பாருங்க, அரைக் கோப்பை தண்ணீர் வந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். குழாயில் ஈரம் பிடிக்கும் குடுவை இல்லாமல் மலைநாட்டில் ஏர்பிரஷ் பிடிக்கவே கூடாது.

பண்டாரவளை_காற்று

ஐயா சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை, இங்கே ஆடி மாசம் பெயிண்ட் ஊசி முனையிலேயே காய்ந்துவிடுகிறது, அது வேறு தொல்லை.

பொட்டுக்கு வருகிறேன். தம்பி, நீங்க அடித்த பொட்டு ஒன்றை ரூலர் வைத்து அளங்க. 8 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம், 48-ஆல் பெருக்கினால் அசல் விமானத்தில் 38 சென்டிமீட்டர், ஒரு பெரிய தோசை அளவு. தோசைகளை வரிசையாக அடுக்கின மாதிரி அடித்தால் அம்மைதான். ஸ்ப்ரே துப்பாக்கி பிடித்த ஆள் பொட்டு வைக்கவில்லை, கையை ஆட்டிக்கொண்டே போனான். ஆகவே வட்டம் போடாதீங்க, கோணல் மாணலாகக் கிறுக்குங்க, சிலதை ஒன்றோடொன்று சேரவிடுங்க, முதுகுப் பக்கம் அடர்த்தி, வயிறு நோக்கி இறங்க இறங்க ஐது. 74, 75 இரண்டாலும் அடியுங்க, சில விமானங்களில் இடையிடையே 02-உம் இருக்கும். ரெஜன்ஸ்பர்க், எர்லா, வீனர் நொய்ஷ்டாட் என்று தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை பாணி மாறும், அதனால் உங்க டிகால் (மொடலில் ஒட்டும் அடையாளப் படம்) எந்த விமானமோ அதன் படம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அடிப்பது நல்லது.

பெயிண்ட் ஒரு பங்குக்குத் தின்னர் இரண்டு பங்கு, மூன்று பங்கு வரைகூடப் போகலாம். அழுத்தம் 10-12 பிஎஸ்ஐ, ஊசி முனை பிளாஸ்டிக்கிலிருந்து ஒரு விரல் அகலம்கூட இருக்கக் கூடாது. முதல் தடவை ஒன்றுமே தெரியாது, அப்படித்தான் இருக்க வேண்டும், மூன்று நான்கு தடவையில் ஏற்றுங்க. அவசரப்பட்டுத் தண்ணிப் பெயிண்டை ஒரேயடியாக விட்டால் எட்டுக்கால் பூச்சி மாதிரி கால் விரித்து ஓடும்.

ஏற்கெனவே அடித்த அம்மைக்கு மருந்து 76 தான். அதை இன்னும் மெல்லிதாக்கிப் பொட்டுகளுக்கு நடுவிலும் ஓரங்களிலும் விடுங்க, வட்டம் உடையும், நிறமும் பின்னுக்குப் போகும். நான் இதைப் பிழை திருத்தமாகத் தொடங்கி இப்போது ஒவ்வொரு 109-க்கும் வேண்டுமென்றே செய்கிறேன்.

தூரிகை அக்காவிடம் ஒரு சின்னச் சண்டை: சிறிய மொடலுக்கு நிறத்தை வெளுக்க வேண்டும் என்று பலர் வெள்ளை கலக்கிறார்கள், 1:72-க்கு நானும் கலப்பேன், 1:48-க்குத் தேவையில்லை.

பேராதனை_தூரிகை

நான் வெளுக்கச் சொல்லவே இல்லையே! ஆனாலும் 74-இல் ஐந்தாறு துளி 76 கலந்து பாருங்க, வெள்ளை கலந்தால் வருகிற சுண்ணாம்புத் தன்மை வராது. இறக்கையில் டேப் ஒட்டினதைப் பற்றியும் யாரும் சொல்லவில்லை. அசலில் விளிம்பு 5 சென்டிமீட்டர் மங்கினால் 1:48-ல் அது ஒரு மில்லிமீட்டர். புளூ டேக்கை (பிசைந்து ஒட்டும் பசைக் களி) மெல்லிய கயிறாக உருட்டி வைத்து, நேர் மேலிருந்து அடித்தால் அந்த மங்கல் கிடைக்கும்.

கொட்டகலை_பயல்

எல்லாருக்கும் நன்றி. டீமேக்கர் ஐயா, அரைக் கோப்பை இல்லை, முக்கால் கோப்பை வந்தது, துருவோடு. அதை வடித்துவிட்டு, தின்னர் புகை விட்டதில் வெள்ளை கிட்டத்தட்ட போய்விட்டது, வால் அடியில் மட்டும் ஒரு திட்டு மிச்சம்.

இன்று காலை இடது பக்கத்துக்கு 76 மூடுபனி விட்டேன். இரண்டாவது தடவையிலேயே வட்டங்கள் உடைந்துவிட்டன, கொஞ்சம் அதிகமாகப் போய் விமான எண் வரும் இடத்தில் பொட்டே காணோம், அதன் மேல் 75 திரும்பக் கிறுக்க வேண்டும். தங்கச்சி வந்து பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள், அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொள்கிறேன். வலது பக்கம் நாளைக்கு, மழை விட்டால்.