காடாகக் கிடக்கும் 2 சென்ட்: நாட்டுப் பூச்செடி விதைக்க எங்கே தொடங்குவது?

செம்மண்காடு:
சிவகங்கைப் பக்கம், வீட்டுக்குப் பின்னால் 2 சென்ட் செம்மண். பார்த்தீனியம், உன்னி, கோரை, இடுப்பளவில் சீமைக் கருவேலம் நாலைந்து. நர்சரிச் செடி வேண்டாம். தும்பை, கொழிஞ்சி, ஆவாரை மாதிரி நம்ம மண்ணுப் பூக்கள் போதும். ஜேசிபி விட்டு வழித்துவிட்டு விதைக்கலாமா? இப்போது பங்குனி, எந்த மாதம் சரி?

களைக்கொத்தி:
ஜேசிபி வேண்டாம். புரட்டினால் அடியில் கிடக்கும் பார்த்தீனிய விதை மேலே வந்து முதல் மழைக்கே முளைக்கும். கோரைக்கிழங்கும் இடம் முழுக்கப் பரவும்.

பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்பே, மண்ணை நனைத்து வேரோடு பிடுங்குங்கள். கையுறை, முகமூடி, முழுக்கைச் சட்டை கட்டாயம். சிலருக்குத் தோல் தடித்து மூச்சிரைப்பும் வரும். பூத்துவிட்டதை எருக்குழியில் போட்டால் விதை உரத்தோடு திரும்பி வரும். உன்னியும் கருவேலமும் வெட்டினால் தழைக்கும். ஓர் அடி ஆழம் தோண்டி, வேர்க்கட்டையோடு எடுக்க வேண்டும்.

பிறகு சித்திரை வெயில். நிலத்தைச் சமன்செய்து, அரை அடி ஈரம் இறங்க நீர்விட்டு, நிறமில்லாத 50 மைக்ரான் பாலித்தீன் தாளை மண்ணோடு ஒட்ட விரியுங்கள். ஓரங்களைப் புதைத்து 6 வாரம் விடுங்கள். கறுப்புத் தாளில் மண் இந்த அளவு சூடேறாது. தாளை எடுத்தபின் கொத்தவே கூடாது. மேல் 2, 3 அங்குலத்தில் உள்ள விதைதான் செத்திருக்கும்.

மடைத்தலை:
கோரைக்கு அந்தத் தாள் பலிக்காது, முளை தாளையே குத்திக்கொண்டு வரும். தாள் போடும் முன்பே கோரை உள்ள இடத்தைக் கிழங்கோடு தோண்டிச் சலித்துவிடுங்கள். மிஞ்சியது முளைக்க முளைக்க எடுக்கணும்; ஒரு வருஷத்தில் தீராது.

ஆடி, ஆவணி மழைக்கு முளைப்பதைக் களைந்துவிட்டு, புரட்டாசிக் கடைசியில் விதையுங்கள். தொழுவுரம் போடாதீர்கள், கொழுத்த மண்ணில் களைதான் முந்தும். கொழிஞ்சி 100 கிராம், தும்பை 30 கிராம் போதும். தும்பை விதை பொடிசு: ஐந்து பங்கு மணலோடு கலந்து தூவி, பலகையால் அழுத்துங்கள், மூட வேண்டாம். கொழிஞ்சிக்கும் ஆவாரைக்கும் தோல் கெட்டி. கொதித்து இறக்கிய நீரை ஊற்றி ஓரிரவு ஊறவிட்டு, உப்பியதை மட்டும் விதையுங்கள். ஆவாரை புதராகும், நாலடிக்கு ஒன்றாக வேலியோரம் ஆறு செடி போதும்.

செம்மண்காடு:
நன்றி. நித்தியகல்யாணி, மூக்குத்திப்பூ, ஓர் எருக்கு இருக்கின்றன. விடலாமா? வீட்டில் பாம்பு பயம் வேறு.

களைக்கொத்தி:
நித்தியகல்யாணி மடகாஸ்கர் செடி. ஆட்டம் போடாது, ஓரமாக இருந்துவிட்டுப் போகட்டும். மூக்குத்திப்பூ அமெரிக்காவிலிருந்து வந்தது, விதை காற்றில் பறந்து இடத்தையே பிடிக்கும், எடுத்துவிடுங்கள். எருக்கு இருக்கட்டும். வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழுவுக்கு அதன் இலைதான் சாப்பாடு; ஒடிக்கும்போது பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாம்புக்குச் சுவரை ஒட்டி மூன்றடி வெறும் தரையாக விட்டு, உள்ளே நடக்க இரண்டடி வழி வையுங்கள். செங்கல், விறகுக் குவியல் வேண்டாம். தும்பை காய்ந்ததும் அசிங்கமாகத்தான் தெரியும்; விதை உதிரும்வரை அரிவாளோடு யாரையும் உள்ளே விடாதீர்கள்.