மாத்திரை வீட்டுக்கு வந்தால் போதுமா? மக்களைத் தேடி மருத்துவம் பற்றி ஒரு விவாதம்

வைகைக்கரை: 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் இது. பிரஷர், சுகர் மாத்திரை வாசலுக்கே வருகிறது. என் கவலையும் அதுதான். மாத்திரை கைக்கு வந்துவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்துப் பக்கம் யார் போவார்கள்? சுகர் மாத்திரையான மெட்ஃபார்மின் சாப்பிடுபவருக்கு வருடம் ஒருமுறையாவது சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தச் சோதனை பார்க்க வேண்டும். சிறுநீரகம் பழுதாகியும் பழைய அளவே தொடர்ந்தால் ஆபத்து. விழித்திரையையும் பார்க்க வேண்டும்.

மேட்டுக்காடு: ஆஸ்பத்திரிக்குப் போனால் கூலிக்காரருக்கு அன்றைய சம்பளம் போச்சு. பிரஷர் வலிக்காது, அதனால் முதலில் நிறுத்துவது அந்த மாத்திரையைத்தான். நிறுத்தினால் அழுத்தம் திரும்ப ஏறும், பக்கவாதம் வரை கொண்டுபோய் விடும். வாசலில் கொடுப்பது இதைத் தடுக்கத்தான்.

வைகைக்கரை: வாசலில் எடுக்கும் பிரஷர், சுகர் அளவை எப்படி நம்புவது?

அளவுகோல்: முறையாக எடுத்தால் நம்பலாம். முதலில் பிரஷர். நடந்து வந்தவரை 5 நிமிடம் உட்காரவையுங்கள். முதுகு சாய்ந்திருக்கட்டும், பாதம் தரையில், கை நெஞ்சு மட்டத்தில். அரைமணி நேரத்துக்குள் காபி, டீ, புகையிலை கூடாது. பேச்சும் கூடாது, அளவெடுக்க வீட்டுக்கு வரும் தன்னார்வலர் உள்ளூர்ப் பெண் என்பதால் இங்கேதான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். பருத்த கைக்குப் பிரஷர் கருவியின் சின்னப் பட்டையைக் கட்டினால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். ஒரு நிமிடம் விட்டு இரண்டாவது முறை எடுங்கள். 140/90 தாண்டினால் மருத்துவரிடம் அனுப்புங்கள், ஒரே நாள் அளவை வைத்து நோய் என்று எழுதிவிடாதீர்கள்.

சுகர் ஸ்டிரிப் டப்பாவைத் திறந்து போட்டால் ஈரம் ஏறிக் கெடும், வெயிலில் வைத்தாலும் கெடும். விரலில் பழச்சாறு ஒட்டியிருந்தால் அளவு எகிறும், கை கழுவச் சொல்லுங்கள்.

வைகைக்கரை: சரி, அளவு சரியாக வந்தது. வருடாந்தப் பரிசோதனை? அதை முடித்தால்தான் அடுத்த மாத்திரை என்று வைக்கலாமே?

மேட்டுக்காடு: வேண்டாங்க! மாத்திரையைப் பிடித்துவைத்தால் பரிசோதனையும் நடக்காது, மருந்தும் நின்றுவிடும். ஊர்த் துணை சுகாதார நிலையத்தில் ஒரு காலை ரத்தம் எடுங்கள். கிரியேட்டினினுக்கும் மூன்று மாத சுகர் சராசரிக்கும் வெறும் வயிறு வேண்டியதில்லை, வேலைக்குப் போகுமுன் முடிந்துவிடும்.

அளவுகோல்: ரத்தசோகை இருந்தால் மூன்று மாதச் சராசரி பொய்யாகக் காட்டலாம், ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பாருங்கள். பாத உணர்ச்சியை 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் அங்கேயே சோதிக்கலாம்.

வைகைக்கரை: ரத்தம், பாதம் ஊரிலேயே என்றால் ஒப்புக்கொள்கிறேன். கண்ணுக்கு மட்டும் வண்டி வைத்து அழைத்துப் போக வேண்டும், அதில் நான் இறங்கிவர மாட்டேன்.