20 ரூபாய்ப் பத்திரத்தில் பிரிந்தவர் ஜீவனாம்சம் கேட்கலாமா?

திருப்பூர் மல்லி:
எங்கள் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கும் ஓர் அக்காவுக்காகக் கேட்கிறேன். முதல் கணவரோடு ஒத்துவரவில்லை. ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் 20 ரூபாய்ப் பத்திரத்தில் 'இனி ஒருவர்மேல் ஒருவருக்குப் பாத்தியதை இல்லை' என்று எழுதி, நாலு சாட்சிக் கையெழுத்தோடு பிரிந்துவிட்டார். கோர்ட்டுக்குப் போகவில்லை. அப்புறம் ஏழு வருடம் இன்னொருவரோடு குடித்தனம். தாலி இல்லை. ஐந்து வயதில் பெண் குழந்தை. இப்போது அவர் வேறு பெண் பார்த்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஏதாவது வழி உண்டா?

நேர்கோடு:
எந்த உரிமையில் கேட்பார்? அவர் இன்னும் முதல் கணவரின் மனைவிதான். பத்திரத்தில் எழுதினால் விவாகரத்து ஆகாது. 2010இல் கோவை ஆசிரியர் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: சேர்ந்து வாழ்வது திருமணம் போன்ற உறவு என்று ஆக வேண்டுமானால், இருவருமே சட்டப்படி கல்யாணம் செய்துகொள்ளத் தகுதியுள்ளவர்களாக இருக்க வேண்டும். இவருக்கு அந்தத் தகுதி இல்லையே.

காவிரிக்கரை:
ஏழு வருடம் அந்த ஆளுக்குச் சோறாக்கிப் போட்டபோது மட்டும் தகுதி இருந்ததா? 2025 ஜனவரியில் தெலங்கானா வழக்கு ஒன்று வந்ததே, படித்தீர்களா? அந்தப் பெண்ணும் முதல் கணவரை ஒப்பந்தம் எழுதித்தான் பிரிந்தார். இரண்டாவது கணவர் 'முதல் கல்யாணம் சட்டப்படி முறியவில்லை' என்று தப்பிக்கப் பார்த்தார். உச்ச நீதிமன்றம் விடவில்லை, ஜீவனாம்சம் கொடுக்கத்தான் வேண்டும் என்றது.

நேர்கோடு:
படித்தேன். அங்கே இரண்டாவது கல்யாணம் என்று ஒன்று நடந்தது. இங்கே அதுவும் இல்லை. பாதித் தீர்ப்பைக் காட்டி நம்பிக்கை கொடுக்காதீர்கள்.

பழைய குமாஸ்தா:
இரண்டு பேரும் அக்காவைப் பற்றியே பேசுகிறீர்கள். அவர் பாடு இழுபறிதான், நேர்கோடு சொல்வதில் நியாயம் உண்டு. சில சமூகங்களில் வழக்கப்படி தீர்த்துக்கொள்வதை இந்துத் திருமணச் சட்டம் 29(2) ஏற்கிறது. ஆனால் அப்படி ஒரு வழக்கம் உண்டென்று நிரூபிக்க வேண்டும், அது லேசில்லை.

குழந்தை விஷயம் வேறு. ஜீவனாம்சத்துக்கான பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு, இப்போது அதற்குப் பதில் வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 144, குழந்தை திருமணத்தில் பிறந்ததா இல்லையா என்று பார்ப்பதில்லை. தகப்பன் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. திருமணம் நீடிக்கும்போது பிறந்த குழந்தை கணவனுடையது என்றுதான் சாட்சியச் சட்டம் கொள்ளும். பழைய 112, இப்போது 116. அந்த ஆள் வக்கீல் வைத்து 'இது முதல் புருஷன் குழந்தை' என்று ஒரு வரி போட்டால் போதும். அதை உடைக்க, அந்தக் காலத்தில் முதல் கணவரோடு சேர வாய்ப்பே இல்லை என்று காட்ட வேண்டும். டி.என்.ஏ. சோதனைக்குக் கோர்ட் சுலபத்தில் உத்தரவிடாது. விவாகரத்துக்கு உதவாத அந்தப் பத்திரம் இங்கேதான் உதவும்: எந்தத் தேதியிலிருந்து பிரிந்திருந்தார்கள் என்பதற்குச் சாட்சி. வாடகை ஒப்பந்தம், பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர், பால்வாடியில் அவர் போட்ட கையெழுத்து, எல்லாவற்றையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

காவிரிக்கரை:
சொத்தில் பங்கு?

பழைய குமாஸ்தா:
2023 தீர்ப்பை நினைத்துக் கேட்கிறீர்கள். செல்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளைக்குத் தாய் தகப்பனின் பங்கில் பங்கு உண்டு என்றது அது. செல்லாததோ என்னவோ, ஒரு திருமணம் நடந்திருக்க வேண்டும். இங்கே அதை எதிர்பார்க்க வேண்டாம்.

நேர்கோடு:
இதைத்தானே ஐயா ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். முதலில் முறைப்படி விவாகரத்து வாங்கியிருந்தால் இந்தப் பாடே இல்லை.

காவிரிக்கரை:
தினக்கூலிக்கு லீவு போட்டால் சம்பளம் போகும். கோர்ட்டுக்கு எத்தனை நாள் அலைவது? ஊரே கூடி எழுதிக் கொடுத்ததை அவர் நம்பியதில் என்ன தப்பு?

திருப்பூர் மல்லி:
இப்போதாவது முதல் கணவரிடம் விவாகரத்து வாங்கலாமா? அவர் கேரளாவில் இருக்கிறார். வருவாரா தெரியாது.

பழைய குமாஸ்தா:
சம்மதித்தால் 13பி மனு, அதாவது இருவரும் சேர்ந்து கேட்கும் விவாகரத்து. ஆறு மாதக் காத்திருப்பைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் தீர்ப்பு உண்டு. வராவிட்டால் தனி வழக்கு, அது இழுக்கும். அதற்காகக் குழந்தையின் மனுவை நிறுத்தி வைக்காதீர்கள். ஜீவனாம்சம் மனு போட்ட தேதியிலிருந்துதான் கணக்கு, 2020இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கோர்ட் வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கொடுப்பார்கள்.