மறுமொழி: பக்கவாதத்துக்குப் பின் கூடிக் குறையும் இரத்த அழுத்தம் – ‘தளம்பல்’ எனலாமா?

> ‘வேரியபிலிட்டி’க்கு ‘மாறுபாடு’ போதுமே?

போதாது. புள்ளியியலில் அந்தச் சொல் ஏற்கெனவே ‘வேரியன்ஸ்’ ஆகிவிட்டது. ‘அலைவு’ என்றால் காலமுறை தவறாத ஊசல். ‘நிலையாமை’ என்றதும் துறவறம் நினைவுக்கு வருகிறது!

என் பரிந்துரை ‘தளம்பல்’. இலங்கையில் விலைத் தளம்பல் என்று புழங்கும் சொல்தான். தூக்கிப்போகும் குடத்தில் நீர் ஒரு மட்டத்தை ஒட்டி ஏறி இறங்குமே, அது. மட்டம் உண்டு, காலமுறை கிடையாது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் சொல்லின் எல்லை தெரியும். ஒருவருக்கு மேல் அழுத்தம் 148, 152, 150, 146, 154. இன்னொருவருக்கு 120, 180, 130, 175, 145. இருவருக்கும் சராசரி 150தான். அளவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகிப் பரவுகின்றன என்று சொல்லும் திட்டவிலக்கம் முதலாமவருக்கு 3.2, இரண்டாமவருக்கு 26.7. இனி இரண்டாமவரின் அளவுகளையே 120, 130, 145, 175, 180 என்று வரிசை மாற்றுங்கள். திட்டவிலக்கம் அதே 26.7. ஆனால் இது தளம்பவில்லை, ஏறிக்கொண்டே போகிறது. அடுத்தடுத்த இரு அளவுகளின் வேறுபாட்டைச் சராசரி எடுத்தால்தான் குட்டு வெளிப்படும்: இரண்டாமவரின் பழைய வரிசையில் 46.25, மாற்றிய வரிசையில் 15. ஆகவே இந்த இரண்டாம் அளவைக்குத் தனிப்பெயர் வேண்டும். ‘அடுத்தடு மாற்றச் சராசரி’ என்கிறேன். நீளம்தான், குழப்பம் இல்லை.

—

> தளம்பல்

மருத்துவப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் பொருந்துகிறது. நலமான மூளையில் அழுத்தம் கூடினால் தமனி சுருங்கும், குறைந்தால் விரியும். இரத்த ஓட்டம் பெரும்பாலும் மாறாது. அடைப்பு விழுந்த இடத்தைச் சுற்றி, ஓட்டம் குறைந்தும் இன்னும் சாகாத திசு உள்ள புறநிழல் பகுதியில் தமனிகள் ஏற்கெனவே முழுக்க விரிந்து கிடக்கின்றன. அழுத்தம் எவ்வளவோ அவ்வளவுதான் ஓட்டம். இறங்கினால் பிழைக்கவேண்டிய திசு பட்டினி, எகிறினால் வீக்கமோ கசிவோ. அதனால்தான் இரத்தக்கட்டி கரைக்கும் மருந்து கொடுத்தவருக்கு முதல் 24 மணி நேரம் 180/105-க்குக் கீழே வைக்கிறோம். கொடுக்காதவருக்கு, வேறு அவசரக் காரணம் இல்லையென்றால், 220/120 வரை பொதுவாகக் கைவைப்பதில்லை.

ஒரு எச்சரிக்கை. தளம்பல் கூடியவர்களுக்கு 90-ஆம் நாள், அன்றாட வேலைகளைத் தானே செய்யமுடிகிறதா என்று மதிப்பிடும் ரேங்கின் அளவுகோலில் நிலை மோசமாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. தளம்பலைக் குறைத்தால் மீட்சி கூடும் என்பது நிறுவப்படவில்லை. பெரிய பக்கவாதமே அழுத்தத்தைத் தளம்பவைக்கலாம். எனவே விளக்கக் குறிப்பில் ‘காரணம்’ என்று எழுதாதீர்கள், ‘தொடர்பு’ என்று எழுதுங்கள்.

‘மெய்த்தளம்பல்’, ‘அளவீட்டுத் தளம்பல்’ என்று பிரிக்கவும் வேண்டும். கரைப்பு மருந்துக்குப் பின் 2 மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை, அடுத்த 6 மணி நேரம் அரை மணிக்கு ஒருமுறை, பிறகு 24 மணி வரை மணிக்கு ஒருமுறை, ஆக ஏறக்குறைய 36 அளவுகள். நடுவில் ஷிஃப்ட் மாறும், கைப்பட்டை வலக்கையிலிருந்து இடக்கைக்குப் போகும். பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் அளவு கூடிக் காட்டும். நாடி ஒழுங்கற்றுத் துடிக்கிறவருக்குத் தானியங்கி இயந்திரம் ஒவ்வொரு முறையும் ஒரு எண் சொல்லும். இவையெல்லாம் தாளில் தளம்பலாகத்தான் தெரியும், நோயாளியின் தமனியில் ஒன்றும் நடந்திருக்காது.

—

> தமிழ்நாட்டில் ‘தளும்பல்’ என்பார்களே?

‘தளும்பல்’ விளிம்புவரை நிறைந்து ததும்புவதையும் குறிக்கும், கண்ணில் நீர் தளும்புவதுபோல. வாசகர் ‘அழுத்தத் தளும்பல்’ என்பதை மிகை அழுத்தம் என்று படித்துவிடுவார். சராசரி 110 உள்ளவருக்கும் தளம்பல் இருக்கலாம். ஆகவே ‘ளம்’தான்.

‘மெய்’, ‘அளவீட்டு’ முன்னொட்டுகளை ஏற்கிறேன். துடிப்புக்குத் துடிப்பு, 24 மணிக்குள், நாளுக்கு நாள், வருகைக்கு வருகை என்று கால அளவையும் முன்னால் சேர்க்கவேண்டும்: ‘நாட்தளம்பல்’, ‘வருகைத் தளம்பல்’. வெறும் ‘தளம்பல்’ என்று விட்டால் ஐசியு தாளும் ஆறு மாத ஓபி சீட்டும் ஒன்றாகிவிடும். துடிப்புக்குத் துடிப்பு என்பதற்கு ‘துடிதளம்பல்’ எனக்கே பிடிக்கவில்லை. வேறு யாராவது முயலுங்கள்.