கிளை வாய்க்காலுக்குப் பங்கு பிரிக்க ஷட்டரா, நிலைத் தடுப்பா?

மடைக்காவல்: விவசாயிகளே நடத்தும் வாய்க்காலில் ஷட்டர் இருக்கும் வரை சண்டை இருக்கும். கழற்றிவிட்டு, பிரியும் இடத்தில் ஒரே மட்டத்தில் மேடையும் நடுவே பிரிப்புச் சுவரும் கட்டுங்கள், அதுதான் நிலைத் தடுப்பு. ஆயக்கட்டு, அதாவது பாசனப் பரப்பு, 3:2 என்றால் அகலம் 60 செ.மீ., 40 செ.மீ. நீர் ஏறினாலும் இறங்கினாலும் பங்கு மாறாது. பங்குக்கு ஏற்ற அகலத்தில் வெட்டு வைத்து வாய்க்காலின் குறுக்கே போடும் நேபாளத்து சாச்சோ மரக்கட்டையும் இதே வேலையைத்தான் செய்கிறது. ராத்திரி டார்ச்சோடு காவலுக்குப் போக வேண்டாம்.

நீரளவு: "மாறாது" கொஞ்சம் ஓவர். 10 செ.மீ. ஓடும்போது ஒரு பக்க மேடை 1 செ.மீ. தூக்கலாக இருந்தால் அங்கே சுமார் 15 சதவீதம் போச்சு. 5 செ.மீ. ஓடும்போது அதே பிசகு 28 சதவீதம். கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

மடைக்காவல்: நீர் நிரப்பி மட்டம் பார்க்கும் டியூப் லெவல் எதற்கு இருக்கிறது? விளிம்பில் ஆங்கிள் இரும்பு பதித்தால் தேயவும் தேயாது.

கடைமடையான்: மட்டம் சரியாக இருந்தாலும் கெடும். ஒரு கிளையில் கோரை மண்டி நீர் பின்தேங்கி மேடையை மூழ்கடித்தால் அந்தப் பக்கம் இழுவை குறைந்துவிடும். மேடைக்குக் கீழே நீர் தடையில்லாமல் விழ வேண்டும். வளைவை ஒட்டிக் கட்டினாலோ, உள்வளைவுப் பக்கம் வண்டல் ஏறி அடைக்கும்.

நீரளவு: எல்லாம் சரியாகவே இருக்கட்டும், கோடையில்? விநாடிக்கு 24 லிட்டர் வருகிறது, கீழே ஆறு கிளை. கிளைக்கு 4 லிட்டர். மண் வாய்க்கால் அதைப் பாதி வழியிலேயே குடித்துவிடும். முழு நீரையும் ஒரே கிளைக்கு விட்டு முறை வைக்க வேண்டும். முறைக்குக் கதவு வேண்டும்.

மடைக்காவல்: முறை வைத்தால், காய்ந்த வாய்க்கால் நிரம்பும் 40 நிமிஷம் யார் கணக்கு? கடைசி ஆளுக்கு அடைத்த பிறகும் வடிநீர் கிடைக்குமே, அது? பஞ்சாபின் வாராபந்தி என்ற முறைப்பாசனத்தில் நிரப்பும் நேரத்தைக் கூட்டி, வடியும் நேரத்தைக் கழித்துத்தான் முறை எழுதுவார்கள். ஏக்கருக்கு இத்தனை நிமிஷம் என்று மொட்டையாகப் போட்டால் ஷட்டர் சண்டை கடிகாரச் சண்டையாக மாறும், அவ்வளவுதான்.

நீரளவு: கணக்கு அப்படியே எழுதலாம், தகராறில்லை. தடுப்பும் இருக்கட்டும், இரு பக்கச் சுவரிலும் பலகை நுழையக் காடி விடுங்கள். 1 மீட்டர் மேடையில் 6 செ.மீ. நீர் என்பது விநாடிக்கு ஏறக்குறைய 27 லிட்டர். அளவுகோலில் அதற்குக் கீழே இறங்கினால் பலகை போட்டு முறை, ஏறினால் எடுத்துவிட்டுப் பங்கு. அளவுகோலை மேடை மேல் நடாதீர்கள், விளிம்பில் நீர் தாழும். சற்று மேலே தள்ளி, பூஜ்யத்தை மேடை மட்டத்துக்கு வையுங்கள்.

கடைமடையான்: பலகை யார் வீட்டுத் திண்ணையில் கிடக்கும்? தலைமடைக்காரர் வீட்டில்தானே. நேபாளத்தில், பொதுவளங்களை மக்கள் நிர்வகிப்பதை ஆராய்ந்த எலினார் ஆஸ்ட்ராம் குழு பார்த்தது இதைத்தான்: ஆண்டுதோறும் அணை போடக் கடைமடை ஆட்கள் வேண்டியிருந்தவரை அவர்களுக்கும் நீர் கிடைத்தது. காங்கிரீட் அணை வந்ததும் அந்தப் பிடி போயிற்று.

நீரளவு: அப்படியானால் காடிக்குப் பூட்டு போட்டு, சாவியைக் கடைமடையில் வைப்போம்.

மடைக்காவல்: பூட்டை உடைக்கக் கடப்பாரை போதும். மேடைக்கு அது போதாது.